தரகு கொடுக்காமல் வத்தை விற்றது

ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். கடிதம் எழுதுவேன், அதுவும் இரண்டு பக்கத்தைத் தாண்டியதில்லை. நாலு பேர் படிக்கிற மாதிரி எழுத எனக்குத் தகுதி கிடையாது என்று தெரியும். தெரிந்தும் எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ள வேண்டும். வாயால் சொல்லத் தெரிந்திருந்தால் காகிதத்தை எடுத்திருக்க மாட்டேன். என் மனைவிக்குப் படிக்கத் தெரியாது. இதை யாராவது அவளுக்குப் படித்துக் காட்டினால் நான் தடுக்கப் போவதில்லை.

போன மாதம் எங்கள் தெருக்காரர் ஒருவர் என்னை வழியில் நிறுத்தினார். அவர் தன் வத்தையை விற்கப் போகிறாராம். வத்தை என்றால் எங்கள் கோட்டைப்பட்டினம் கரையில் பலகை அறைந்து கட்டுகிற பாய்மரப் படகு.

"அண்ணே, நீங்க தரகுன்னு காலணாக்கூட குடுக்காம வித்தீங்களாமே. ஊரே சொல்லுது. எப்படிண்ணே வித்தீங்க? நான் தரகர வச்சுக்கிறதா வேணாமா?"

"வச்சுக்கங்க" என்று சொல்லிவிட்டு நடந்தேன். பின்னால் அவர் பக்கத்தில் நின்றவரிடம் சொன்னது காதில் விழுந்தது.

"பாத்தியா, தராசு வாயத் தொறக்குதான்னு! வித்தைய உள்ளயே வச்சுக்கிட்டுச் சாகும் போல."

வித்தை ஒன்றும் இல்லை. நான் தரகர் வைத்துத்தான் விற்றேன். அவர் தரகு வாங்கிக்கொள்ளவில்லை. ஏன் வாங்கவில்லை என்பதைத்தான் எழுதப் போகிறேன்.

தராசு என்பது ஊர் எனக்கு வைத்த பெயர். நான் கருவாடு சேர்த்து வைக்கிற கிட்டங்கியில் நிறுவைக்காரன். என் அப்பா கடலுக்குப் போனவர். பத்து வயதில் என்னையும் ஏற்றிக்கொண்டு போனார். கரை மறைவதற்கு முன்பே வாந்தி எடுத்து மயங்கி விழுந்தேன். மூன்று தடவை பார்த்துவிட்டு, "இவன் தரையிலதான் பொழைக்கணும்" என்று என்னைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினார். பிறகு கிட்டங்கி வேலை கிடைத்தது. தராசு பிடிக்கிறவனுக்குப் பேச்சு அதிகம் வேண்டியதில்லை. எடையைச் சொன்னால் போதும். அதனாலேயே அந்த வேலை எனக்கு ஒத்துப்போயிற்று. கடைக்குப் போய் ஒரு சாமான் கேட்பதற்குக்கூட, நாலு பேர் நின்றால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். இந்த வயதிலும் அப்படித்தான்.

அப்பாவுக்குப் பிறகு வத்தை எனக்கு வந்தது. அதைக் கடலில் நடத்தியவர் என் மச்சான், என் மனைவியின் அண்ணன். என்னைவிட நாலு வயது மூத்தவர். அவர் மனைவி இறந்துவிட்டாள், பிள்ளை இல்லை. வத்தையை நடத்துகிறவரை நாங்கள் தண்டல் என்போம். சுக்கான் பிடிப்பது, எங்கே வலை விடுவது, எப்போது திரும்புவது எல்லாம் தண்டலின் தீர்மானம். அவருக்கு இரண்டு வேளையும் சாப்பாடு என் வீட்டிலிருந்து தூக்குச் சட்டியில் போகும். என் மகன் பதினாறு வயதில் தாய்மாமனோடு கடலுக்குப் போக ஆரம்பித்தான். அவனுக்கு வாந்தி வரவில்லை. வீட்டுக்கு வந்தால் என்னைக் கேலி செய்வான். "அப்பாட்ட எதக் கேட்டாலும் எத்தனை வீசைன்னுதான் பதில் வரும்" என்பான். அவன் அம்மா சிரிப்பாள். எனக்கும் சிரிப்பு வரும்.

யுத்த காலம் அது. மண்ணெண்ணெய், துணி, அரிசி என்று ஒவ்வொன்றாகக் கிடைக்காமல் போய்க்கொண்டிருந்தது. ஒரு நாள் மச்சான் கிட்டங்கிக்கு வந்தார்.

"மாப்ளே, ஆஞ்சான் நைஞ்சு போச்சு. மாத்திப்புடணும்."

பாயை மரத்தின் உச்சிக்கு இழுத்துக் கட்டும் கயிற்றுக்கு ஆஞ்சான் என்று பெயர். பாயும், பாயைக் கட்டியிருக்கிற குறுக்குக் கழியும் அந்த ஒரு கயிற்றில்தான் தொங்கும். கழியைத் தூக்க இரண்டு ஆள் வேண்டும். இந்த மாதிரிச் சாமான்களை வாங்கிப் போடுவது வத்தைக்காரன் பொறுப்பு. தண்டல் கேட்பார், வத்தைக்காரன் வாங்கித் தர வேண்டும்.

கயிறு கிடைக்கவில்லை என்று எழுதிவிட்டுப் பழியை யுத்தத்தின்மேல் போடலாம். ஆனால் மீமிசலில் ஒரு கடையில் இருந்தது. கடைக்காரர் ஆளைப் பார்த்துத்தான் எடுத்துக் கொடுப்பார். நின்று கேட்க வேண்டும், கொஞ்சம் கெஞ்ச வேண்டும். அவர் சத்தமாகப் பேசுகிறவர். முன்னொரு தடவை நான் போனபோது, "வாங்க தராசு, கயிறு எதுக்கு, தட்டுக் கட்டவா, தூக்குப் போட்டுக்கவா?" என்று கேட்டுக் கடையில் இருந்தவர்களையெல்லாம் சிரிக்க வைத்தார். மச்சான் சொன்ன பிறகு நான் இரண்டு தடவை அந்தக் கடை வரைக்கும் நடந்தேன். இரண்டு தடவையும் வாசலில் கூட்டம் நின்றது. எதிரே இருந்த புளியமரத்தடியில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத் திரும்பி வந்தேன். மச்சானிடம், "அடுத்த வாரம் வருதாம்" என்று சொன்னேன்.

அந்த அடுத்த வாரத்தில் ஒரு நாள், வத்தையில் போகிற மற்ற இருவரும் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டார்கள். முதல் நாள் விட்ட வலையை எடுக்க மச்சானும் மகனும் மட்டும் போனார்கள். காலை பத்து மணிக்கு ஒரு ஆள் கிட்டங்கிக்கு ஓடி வந்தான். என்னிடம் ஒன்றும் சொல்லாமல் கையில் இருந்த படிக்கல்லை வாங்கிக் கீழே வைத்தான். நான் அவன் பின்னால் போனேன்.

வத்தை கரையில் ஏறி நின்றது. பாய் இறங்கிக் கிடந்தது. கழியின் நடுவில் ஒரு முழக் கயிறு கட்டியபடியே இருந்தது. அதன் நுனி அறுந்து துடைப்பம் மாதிரி விரிந்திருந்தது. மகனைப் பார்ப்பதற்கு முன்னால் நான் அதைத்தான் பார்த்தேன். மற்றவர்கள் எல்லாரும் அவனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிடரியில் அடி. வேறு காயம் இல்லை. தூங்குகிறவன் மாதிரிதான் இருந்தான் என்று பிறகு சொன்னார்கள். எனக்கு அவன் முகம் நினைவில் இல்லை, கயிற்று நுனி நினைவில் இருக்கிறது.

"கழி விழுந்திருச்சு" என்று மச்சான் சொன்னார். கேட்டவர்களுக்கெல்லாம் அந்த இரண்டு வார்த்தைதான் சொன்னார். பிறகு பாயைக் கழியோடு சேர்த்துச் சுருட்டிக் கட்டி வைத்தார். நான் அவரிடம் ஒன்றும் கேட்கவில்லை. அவரும் என்னிடம் கயிற்றைப் பற்றிப் பேசவில்லை.

காரியம் முடிந்ததும் வேலைக்குப் போனேன். எடையில் பிசகு வரவில்லை. கருவாட்டு உப்பு கை வெடிப்புகளில் ஏறினால் எரியும். அந்த மாதங்களில் எரிந்ததா என்று யோசித்துப் பார்க்கிறேன், தெரியவில்லை.

எங்கள் வீட்டு வாசலுக்கு எதிரே ஐம்பது அடி தூரத்தில்தான் வத்தை கிடந்தது. என் மனைவி வாசலில் ஒரு சாக்கைத் தொங்கவிட்டாள். பகலிலும் வீடு இருட்டாக இருந்தது. ஒரு நாள் சோறு போட்டுக்கொண்டே சொன்னாள்.

"அத அனுப்பிடுங்க."

"யாருக்கு?"

"யாருக்கோ. இந்தக் கரையில இருக்கிற யாருக்கும் வேணாம். விடிஞ்சு எந்திரிச்சா அந்தப் பாயி எங் கண்ணுல படக்கூடாது."

"விறகுக்கு ஒடச்சுப்புடலாம்" என்றேன்.

"ஒடச்சா ஒவ்வொரு வீட்டு வேலியிலயும் ஒரு பலகை நிக்கும். ஒண்ண விட்டுட்டு நாப்பதப் பாக்கணுமா நானு?"

அவள் சொன்னது சரி. எங்கள் ஊரில் உடைத்த வத்தையின் பலகைகள் வேலிக்கும் கோழிக் கூண்டுக்கும்தான் போகும். இருபது வருஷம் மழையில் நின்றாலும் எந்த வத்தைப் பலகை என்று ஊர் சொல்லும்.

வத்தை விற்கிற பேச்சு கிட்டங்கிக்கு எப்படியோ வந்துவிட்டது. அங்கே மூட்டை தைக்கிற அம்மாள் ஒருத்தி இருந்தாள். சுமை தூக்குகிறவரும் அவளும் எதற்கெடுத்தாலும் எதிரும் புதிருமாகப் பேசுவார்கள்.

"தரகன வைக்காதீக தராசு. விக்கிறவன்ட்டயும் நக்குவான், வாங்குறவன்ட்டயும் நக்குவான்" என்றாள் அவள்.

"ஆமா, இவ நாலு வத்தை வித்தவ. தரகன் இல்லாம வித்தா வாங்குனவன் மறுநாளே வாசல்ல வந்து நிப்பான், தண்ணி ஒழுகுதுன்னு. தரகன் இருந்தா அவனப் போயிப் பிடின்னு சொல்லிட்டுக் கதவச் சாத்திக்கலாம்" என்றார் அவர்.

"இவரு கதவச் சாத்திக்கிற ஆளுதான். பேசவா போறாரு?"

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். நான் அடுத்த மூட்டையைத் தட்டில் ஏற்றச் சொன்னேன்.

மச்சான் வந்தது அதற்கு மறுநாள். அவர் இரண்டு மாதமாகக் கடலுக்குப் போகவில்லை. மற்ற வத்தைகளில் கூப்பிட்டும் போகவில்லை என்று கேள்வி. கிட்டங்கி வாசலில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார்.

"மாப்ளே, தரகன் கிரகன்னு ஒண்ணும் வேணாம். வத்தைய நானே எடுத்துக்கிறேன். வெளிய எவ்வளவுக்குப் போகுமோ அதக் குடுத்துடுறேன். எனக்கு அது ஒண்ணுதான் தெரியும். வேற வத்தையில போயி இன்னொருத்தன் சுக்கானப் புடிக்க எனக்கு வரல."

அவரிடம் இல்லை என்று நான் எப்படிச் சொல்வேன்? என் மனைவி சொன்னதை அப்படியே சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை.

"தரகர்ட்டச் சொல்லியிருக்கேன் மச்சான். அவரக் கேளுங்க" என்றேன். அதுவரை நான் எந்தத் தரகரிடமும் சொல்லியிருக்கவில்லை.

அவர் சிரித்தார்.

"சொந்த மச்சானுக்கு நடுவுல தரகனா? எந் தங்கச்சிய ஒங்களுக்குக் குடுக்கிறப்ப எந்தத் தரகன் மாப்ளே வந்தான்?"

நான் தராசுத் தட்டைத் துடைத்தேன்.

"அது சொல்லிச்சா?" என்று தன் தங்கையைப் பற்றிக் கேட்டார்.

"ம்."

"அதச் சொன்னா என்ன? நான் என்ன கடிச்சா திங்கப் போறேன்?" என்று எழுந்தார். கொஞ்ச தூரம் போய்விட்டுத் திரும்பி, "சரி, வாரேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்று பிற்பகலே நான் அம்மாபட்டினத்துக்கு நடந்தேன். அங்கே ஒரு ராவுத்தர் இருந்தார். அவருக்கு முக்கியத் தொழில் மாட்டுத் தரகு. வருஷத்துக்கு நாலைந்து வத்தையும் விற்றுக் கொடுப்பார். அறுபது வயதிருக்கும். தோளில் எப்போதும் ஒரு பச்சைத் துண்டு. நான் விஷயத்தைச் சொல்லி முடிக்க நேரம் பிடித்தது. அவர் அவசரப்படுத்தவில்லை.

"ஒங்க மச்சானே கேக்குறாருன்னீகளே?" என்றார் கடைசியில்.

"இந்தக் கரையில யாருக்கும் வேணாம்னு வீட்டுல சொல்லுது. அவர்ட்ட நீங்கதான் சொல்லணும்."

"அதுக்குத்தான் நான் வேணுமாக்கும்" என்று சத்தம் வராமல் சிரித்தார். "சரி தம்பி. ஊருல பாதிப் பேரு அதுக்குத்தான் தரகன வைக்கிறாக."

மறுநாள் காலை வந்து முதலில் மச்சானைப் பார்த்துவிட்டு என்னிடம் வந்தார். "சொல்லிட்டேன். தங்கச்சிக்காகன்னா சரின்னாரு. குடிக்கத் தண்ணி கேட்டேன், மோரே குடுத்தாரு" என்றார். அவ்வளவுதான். எனக்கு முதல் நாள் வராத வார்த்தையை அவர் ஒரு சொம்பு மோர் குடிக்கிற நேரத்தில் சொல்லி முடித்திருந்தார்.

பிறகு வத்தையைச் சுற்றி வந்தார். மாட்டைப் பார்க்கிற மாதிரியே பார்த்தார். பலகையை விரல் முட்டியால் தட்டினார், அடியில் குனிந்து முகர்ந்தார், ஆணித் தலைகளை விரலால் தடவினார். பல்லைப் பிடித்துப் பார்க்காததுதான் பாக்கி.

"நான் கொறையச் சொல்லித்தான் விப்பேன், தம்பி. மாட்டுக்குக் கெட்ட சுழி இருந்தாச் சொல்லுவேன். வத்தையில சாவு இருந்தாச் சொல்லுவேன். மறச்சு வித்த காசு எனக்கு ஆகாது."

"சொல்லுங்க" என்றேன்.

"வாங்க வாறவரு ஒண்ணு கேப்பாரு. வத்தைக்குக் குத்தமா, ஆளுக்குக் குத்தமான்னு."

இது எங்கள் கரையில் எல்லாரும் கேட்கிற கேள்விதான். ஆள் தவறி விழுந்து செத்தால், தூங்கி வழிந்து செத்தால், அது ஆளின் குற்றம். வத்தையை விற்கலாம், வாங்கலாம். பலகை பிளந்தோ, மரம் முறிந்தோ, கயிறு அறுந்தோ ஒருவன் செத்தால் வத்தையே உயிரைக் குடித்தது என்பார்கள். அதை யாரும் வாங்க மாட்டார்கள். உடைக்க வேண்டியதுதான்.

ராவுத்தர் சுருட்டிக் கட்டியிருந்த பாயை அவிழ்த்தார். கழியின் நடுவில் அந்த ஒரு முழக் கயிறு இருந்தது. அறுந்த நுனியை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். இரண்டு விரலால் திரித்தார், நார் பொடியாக உதிர்ந்தது. என்னைப் பார்த்தார். பிறகு பாயை முன்போலவே சுருட்டிக் கட்டிவிட்டுக் கையைத் தட்டிக்கொண்டார்.

"வாங்குறவரு வந்து கேக்குற அன்னைக்கு யாராச்சும் பதில் சொல்லித்தான் ஆகணும்" என்றார்.

பத்து நாள் கழித்து ஒரு சம்மாட்டியைக் கூட்டி வந்தார். சம்மாட்டி என்றால் நாலைந்து வத்தை வைத்திருக்கிற முதலாளி. தொண்டிக்குத் தெற்கே ஏதோ ஊர். பருத்த ஆள், வெற்றிலை போட்டிருந்தார். கூட இரண்டு கடலாட்கள். காலை எட்டு மணி, தண்ணீர் வற்றியிருந்தது. வேடிக்கை பார்க்கப் பத்துப் பதினைந்து பேர் கூடிவிட்டார்கள். மச்சான் கொஞ்சம் தள்ளி இன்னொரு வத்தையின் நிழலில் உட்கார்ந்திருந்தார். எங்கள் வாசலில் சாக்கு தொங்கியது. அதற்குப் பின்னால் என் மனைவி நிற்கிறாள் என்று எனக்குத் தெரியும். சாக்குக்குக் கீழே அவள் கால் தெரிந்தது.

சம்மாட்டிக்கு வத்தை பிடித்திருந்தது. உடனே ராவுத்தர் எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார்.

"மரம் நல்ல மரம். ஆனா இதுல ஒரு சாவு இருக்கு. பதினெட்டு வயசுப் பையன். இவரு மகன்தான்."

இடது கொம்பு கொஞ்சம் கட்டை என்று சொல்கிற குரலில் சொன்னார். அதுவரை என் முன்னால் யாரும் அதை அப்படிச் சொன்னதில்லை. குரலைத் தாழ்த்துவார்கள், அல்லது பேச்சை மாற்றுவார்கள். எனக்கு ஒன்றும் ஆகவில்லை. மணலில் ஒரு நண்டு வளையிலிருந்து மண்ணைத் தள்ளிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"எப்படி?" என்றார் சம்மாட்டி.

"பாய்க் கழி விழுந்து."

"கழி எப்படி விழுந்துச்சு?"

ராவுத்தர் என்னைப் பார்த்தார். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

"என்னய்யா, வாயில என்ன கொழுக்கட்டையா? ஆஞ்சான் அறுந்துச்சா?" என்று சம்மாட்டி என்னிடமே கேட்டார். நான் நண்டையே பார்ப்பதைக் கண்டு தன் ஆட்களிடம் திரும்பினார். "கயித்த மாத்தாத மனுசன் பலகைய மாத்தியிருப்பானா?"

"வேணாம் சம்மாட்டி. வத்தையே குடிச்ச உசுரு. நம்ம கரைக்கு வேணாம்" என்றான் ஒருவன். இன்னொருவன் கால் மணலைத் தட்டிவிட்டுக்கொண்டு நடக்கத் தொடங்கினான்.

கூட்டத்தில் யாரோ, "அப்ப ஒடைக்க வேண்டியதுதான். எனக்கு ரெண்டு பலகை சொல்லி வைங்கப்பா, ஆட்டுக் கொட்டகைக்கு" என்றார். ஒருவர் சிரித்தார். சாக்கு அசைந்தது.

அப்போது மச்சான் எழுந்து வந்தார். வேட்டியைத் தட்டிக் கட்டிக்கொண்டே வந்தார்.

"கயிறு அறுகல. முடிச்சு நழுவிருச்சு" என்றார்.

"நீ யாரு?"

"தண்டல். பையனுக்குத் தாய்மாமன். முடிச்சுப் போட்டது நான்."

"எத்தன வருசமாக் கடலுக்குப் போற?"

"முப்பதுக்கு மேல."

"முப்பது வருசம் போனவனுக்கு ஆஞ்சான் முடிச்சுப் போடத் தெரியலையா?"

"அன்னைக்குத் தெரியல" என்றார் மச்சான்.

சம்மாட்டி நம்பவில்லை போலிருக்கிறது. நேராகப் போய்ப் பாயை அவிழ்த்துக் கழியைப் பார்த்தார். அதில் கயிறு இல்லை. ஒரு முழமும் இல்லை, ஒரு நாரும் இல்லை. கயிறு கட்டியிருந்த இடம் மட்டும் கொஞ்சம் வெளுத்திருந்தது. ராவுத்தர் போய் அந்த வெளுத்த இடத்தில் கையை ஊன்றிக்கொண்டு நின்றார். மச்சானைப் பார்த்தார். மச்சான் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப ஆளுக்குக் குத்தம்" என்றார் சம்மாட்டி.

"ஆளுக்குத்தான்."

"அடப் பாவி" என்று கூட்டத்தில் ஒரு கிழவர் சொன்னார். மச்சான் பக்கத்தில் நின்றவர் ஒரு அடி நகர்ந்து நின்றார்.

நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். கயிறு வாங்க வேண்டியவன் நான் என்று சொல்லியிருக்கலாம். அந்த நேரத்தில் மனசு தவித்தது என்றோ, சாக்கைப் பார்த்துப் பயந்தேன் என்றோ எழுதினால் படிக்க நன்றாக இருக்கும். அப்படி ஒன்றும் இல்லை. நண்டு வளைக்குள் போய்விட்டதா என்று பார்த்தேன். போய்விட்டிருந்தது.

பிறகு பேரம். ராவுத்தர் மாட்டுச் சந்தையில் செய்வது போலவே செய்தார். விலையை வாயால் சொல்வதில்லை. தரகர் தன் கையையும் நம் கையையும் துண்டால் மூடிக்கொள்வார். உள்ளே விரலைப் பிடித்துக் கணக்குச் சொல்வார். நாம் விரலை ஒதுக்கியோ சேர்த்தோ பதில் சொல்ல வேண்டும். வெளியே நிற்பவருக்கு ஒன்றும் தெரியாது. முதலில் என்னிடம் வந்தார். பச்சைத் துண்டைப் போட்டு என் நடு விரல்களைப் பிடித்தார். நான் விரலால் ஒன்றும் சொல்லவில்லை. அவர் கையை முழுசாகப் பிடித்துக்கொண்டேன். எதற்குப் பிடித்தேன் என்று எனக்குத் தெரியாது. அந்தக் கை காய்ப்புக் காய்த்து, சூடாக இருந்தது. அவர் இழுத்துக்கொள்ளவில்லை.

"தராசு லேசுப்பட்ட ஆளில்லப்பா. விடமாட்டேங்குதே" என்றது ஒரு குரல்.

"பின்ன? எடை போட்டுப் பழகுன கையில்ல!"

ராவுத்தர் என் பக்கம் குனிந்தார்.

"தம்பி, நான் பாத்ததச் சொல்லிப்புடவா?" என்றார். எனக்கு மட்டும்தான் கேட்டது.

நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. சரி என்றும் சொல்லவில்லை. கையையும் விடவில்லை. அவர் எங்கள் வாசலில் தொங்கிய சாக்கைப் பார்த்தார், மச்சானைப் பார்த்தார். துண்டை எடுத்துவிட்டு, "இங்கிட்டு முடிஞ்சுது" என்று சத்தமாகச் சொன்னார். அப்புறம் சம்மாட்டியிடம் போய்த் துண்டைப் போட்டார். அங்கே சீக்கிரம் முடிந்தது.

தண்ணீர் ஏறியதும் வத்தையைத் தள்ளினார்கள். சம்மாட்டி கொண்டுவந்திருந்த புதுக் கயிற்றில் பாயை ஏற்றினார்கள். மச்சானும் தோள் கொடுத்துத் தள்ளினார். இடுப்பளவு தண்ணீர் வரை போனார். வத்தை மிதந்ததும் கையை எடுத்துவிட்டு அங்கேயே நின்றார். பாய் தெற்கே திரும்பியது. அரை மணி நேரத்தில் கண்ணுக்குத் தெரியவில்லை.

நான் ராவுத்தரிடம் அவருக்குச் சேர வேண்டியதை நீட்டினேன். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"வேணாம் தம்பி."

"ஏன்?"

"இன்னைக்கு நான் கொறையச் சொல்லி விக்கல."

இவ்வளவு சொல்லிவிட்டு நடந்தார். நான் பின்னால் போய்க் கட்டாயப்படுத்தவில்லை. பார்த்தவர்கள் இருந்தார்கள். தராசு தரகரையே ஏமாற்றிவிட்டது என்ற பேச்சு அன்றைக்கு ஆரம்பித்ததுதான்.

என் தெருக்காரர் கேட்டதற்கு, வைத்துக்கொள்ளுங்கள் என்றுதான் இன்றும் சொல்வேன். பேச வராதவனுக்குத் தரகர் வேண்டும். வத்தையைப் பற்றி என்ன பேச வேண்டுமோ அதையெல்லாம் அவர் பேசிவிடுவார். நான் பேச வேண்டியிருந்தது வேறு.

வீட்டுக்கு வந்தபோது என் மனைவி வாசலில் இருந்த சாக்கை எடுத்திருந்தாள். உள்ளே வெளிச்சம் வந்திருந்தது. அடுப்பு முழுக்க எரிந்தது. மாலையில் அண்ணனுக்குச் சோறு அனுப்புகிற தூக்குச் சட்டியை எடுத்தாள். வழக்கமாக முதல் சோறு அதில்தான் போடுவாள். அன்று அதைக் கழுவி, ஈரம் துடைத்து, பரணில் கவிழ்த்து வைத்தாள். எனக்கு இலை போட்டாள்.

"முடிச்சு நழுவிருச்சாமே" என்றாள்.

"ம்" என்றேன்.

அவள் மீனை இலையில் வைத்தாள். நான் சாப்பிட்டேன்.

மறுநாள் புதன்கிழமை. மச்சான் மூன்று வத்தைக்காரர்களிடம் போய் வேலை கேட்டார். மூன்று பேரும் இல்லை என்றார்கள். கிட்டங்கிக்கு நெத்திலி வந்திருந்தது. பதினோரு மூட்டை நிறுத்தேன்.